ஹைப்போஸ்பேடியாஸ்: பிறந்த நாள் முதல் பருவ வயது வரை, பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

குழந்தையைக் குளிப்பாட்டித் துடைக்கும்போதோ டயப்பர் மாற்றும்போதோதான் பல வீடுகளில் இது முதலில் கண்ணில் படுகிறது. உச்சா முன்னால் பீய்ச்சாமல் கீழே தொடையில் வழிகிறது. முன்தோல் மேல்பக்கம் மட்டும் குல்லா மாதிரி குவிந்திருக்கிறது, அடிப்பக்கம் தோலே இல்லை. சில குழந்தைகளுக்கு ஆண்குறி விறைக்கும்போது கீழ்நோக்கி வில்லாக வளைகிறது. சிறுநீர்த்துளை நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் வேறோர் இடத்தில் திறந்திருக்கும் இந்தப் பிறவிக் குறைபாட்டுக்குத்தான் ஹைப்போஸ்பேடியாஸ் என்று பெயர். ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 200 முதல் 300 பேருக்கு ஒருவர் இப்படிப் பிறக்கிறார்கள். அரிதான நோய் இல்லை. வெளியில் யாரும் பேசுவதில்லை என்பதால் அரிதாகத் தெரிகிறது.

கர்ப்பத்தின் 8-வது வாரத்துக்கு மேல், சிசுவின் ஆண்குறி அடிப்பக்கத்தில் வாய்க்கால் போல ஒரு பள்ளம் இருக்கும். அதன் இரண்டு கரைகளும் பின்னாலிருந்து முன்னோக்கி ஜிப் இழுப்பது போலச் சேர்ந்து குழாயாகின்றன. ஆண் ஹார்மோனின் தூண்டுதலில் நடக்கும் இந்த வேலை ஏதோ ஓர் இடத்தில் நின்றுவிட்டால், நின்ற இடத்திலேயே துளை அமைந்துவிடும். பெரும்பாலான குழந்தைகளில் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்க முடியாது. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இருந்தால் வாய்ப்பு கூடுகிறது. எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைகளில் அதிகம் பார்க்கிறோம். ‘நான் என்ன தப்பு பண்ணேன்’ என்று கேட்காத அம்மா இல்லை. நீங்கள் எதுவும் செய்யவில்லை.

முதல் வாரம்: செய்ய வேண்டியதும் செய்யவே கூடாததும்

செய்யவே கூடாதது சுன்னத். மதக் காரணமோ வழக்கமோ எதுவாக இருந்தாலும், அறுவை மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை முன்தோலைத் தொட விடாதீர்கள். குல்லா மாதிரி கூடுதலாகத் தெரிகிற அந்தத் தோல்தான் பிறகு புதுக் குழாய்க்குப் போர்வையாகவும், தேவைப்பட்டால் குழாயாகவுமே மாறப்போகிறது. வெட்டி எறிந்துவிட்டால் அதற்கு ஈடான தோல் உடம்பில் வேறெங்கும் இல்லை. முன்தோல் முழுமையாக இருந்து, உள்ளே துளை மட்டும் பெரிதாக, இடம் மாறி இருக்கும் ஒரு வகையும் உண்டு. அது சுன்னத் செய்யும்போதுதான் வெளியே தெரியும். அப்படித் தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

செய்ய வேண்டியது விதைப்பையைத் தொட்டுப் பார்ப்பது. குழந்தை மருத்துவர் இரண்டு விதைகளையும் கையால் உணர்ந்து ‘இருக்கிறது’ என்று சொல்ல வேண்டும். இரண்டும் இருந்தால் அவசரம் ஒன்றுமில்லை, நிதானமாகத் திட்டமிடலாம். துளை கீழே இருந்து விதையும் கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் கதையே வேறு. அது பாலின வளர்ச்சி வேறுபாடாக இருக்கலாம். குரோமோசோம் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், ஹார்மோன் அளவு எல்லாம் பார்க்காமல் ஆணா பெண்ணா என்று அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது.

இதில் உயிருக்கு ஆபத்தான ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. இரண்டு விதைகளும் கைக்குக் கிடைக்காத குழந்தை, அட்ரீனல் சுரப்பிக் குறைபாட்டோடு பிறந்த பெண் குழந்தையாக இருக்கலாம். கர்ப்பப்பையும் சினைப்பையும் உள்ளே சரியாக இருக்கும். அளவு மீறிய ஆண் ஹார்மோனால் வெளியுறுப்பு மட்டும் ஆண் குழந்தையைப் போல மாறியிருக்கும். இப்படிப்பட்ட குழந்தைகளில் பலருக்குப் பிறந்த இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் உடம்பிலிருந்து உப்பு வெளியேறி, வாந்தி, சோர்வு, ரத்த அழுத்தச் சரிவு என்று உயிர் போகும் நிலை வரும். 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் என்ற ரத்தப் பரிசோதனை இதைக் காட்டிக்கொடுக்கும். பிறந்து 48 மணி நேரம் கழித்து எடுத்தால்தான் அளவு நம்பகமாக இருக்கும். கூடவே சோடியம், பொட்டாசியம், சர்க்கரை அளவுகளையும் அடிக்கடி பார்க்க வேண்டும். இந்த முடிவுகள் வராமல் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

துளை மேல்பக்கம் இருந்தால் அது எபிஸ்பேடியாஸ். சிறுநீர்ப்பையோடும், அடக்கும் திறனோடும் தொடர்புள்ள வேறு பிரச்சினை அது. அதற்கான அறுவை சிகிச்சையும் முற்றிலும் வேறு. அதை அடிக்கடி செய்கிற பெரிய மையத்துக்குத்தான் போக வேண்டும்.

எவ்வளவு தீவிரம் என்று புரிந்துகொள்வது

துளை மொட்டிலோ (ஆண்குறியின் நுனிப் பகுதி) அதற்குச் சற்றுக் கீழேயோ இருந்தால் லேசான வகை. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் இந்த வகைதான். தண்டின் நடுவில் இருந்தால் நடுத்தரம். விதைப்பையின் தொடக்கத்திலோ, விதைப்பையின் நடுவிலோ, அதற்கும் பின்னாலோ இருந்தால் தீவிர வகை.

ஆனால் துளை இருக்கும் இடத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வளைவு எவ்வளவு, மொட்டு எவ்வளவு அகலம், துளைக்கும் நுனிக்கும் நடுவில் இருக்கும் இளஞ்சிவப்புப் பட்டை ஆழமா தட்டையா, அடிப்பக்கத் தோல் காகிதம் போல மெலிந்திருக்கிறதா என்ற நான்கும் சேர்ந்துதான் எந்த அறுவை, எத்தனை கட்டம் என்பதை முடிவு செய்கின்றன. லேசான வகை என்று சொல்லி மயக்க மருந்து கொடுத்து, தோலைப் பிரித்துப் பார்த்த பிறகு வளைவு அதிகமாகி, மேசையிலேயே திட்டம் மாறுவது உண்டு. ‘உள்ளே போனபிறகு வேற ஏதோ பண்ணிட்டாங்க’ என்று பெற்றோர் கலங்குவது இதனால்தான். முன்கூட்டியே ‘வளைவு அதிகமாக இருந்தால் என்ன செய்வீர்கள்’ என்று கேட்டுவிடுங்கள்.

வீட்டில் கவனித்துச் சொல்ல வேண்டியவை இரண்டு. உச்சா எந்தத் திசையில், எவ்வளவு தடிமனாக வருகிறது என்பது ஒன்று. விறைக்கும்போது எந்தப் பக்கம் வளைகிறது என்பது இன்னொன்று. மருத்துவர் பார்க்கும் பத்து நிமிடத்தில் இந்த இரண்டும் தெரிய வாய்ப்பில்லை.

லேசான வகைக்குச் சிறுநீரக ஸ்கேன் கட்டாயமில்லை. தீவிர வகைக்கு எடுப்பது நல்லது. அந்தக் குழந்தைகளில் சிலருக்குப் புராஸ்டேட் அருகே ஒரு சிறு பை இருக்கும். அறுவையின்போது சிறுநீர் வடிய டியூப் நுழைக்கும்போது அது வழிதவறி அந்தப் பைக்குள் போய்விடும். முன்பே தெரிந்தால் அறுவை மருத்துவர் தயாராக இருப்பார்.

அறுவை சிகிச்சை வேண்டுமா?

நேரடியாகச் சொல்கிறோம்: எல்லாக் குழந்தைக்கும் வேண்டியதில்லை. துளை மொட்டிலேயே, நுனிக்குப் பக்கத்தில் இருந்து, வளைவு இல்லாமல், உச்சா நேராக வந்தால் அப்படியே விட்டுவிடலாம். தனக்கு இப்படி இருப்பதே தெரியாமல் குழந்தை பெற்று வாழும் ஆண்கள் இருக்கிறார்கள்.

அறுவை சிகிச்சைக்கான உண்மையான காரணங்கள் மூன்று: நின்றுகொண்டு நேராகச் சிறுநீர் கழிப்பது, விறைப்பு நேராக இருப்பது, பிற்காலத்தில் விந்து சரியான இடத்தில் சேர்வது. இதில் எதுவும் பாதிக்கப்படவில்லை, பார்வைக்கு மட்டும்தான் வேறுபாடு என்றால், அந்த முடிவைப் பையன் வளர்ந்து தானே எடுக்கும்வரை தள்ளிப்போட உங்களுக்கு முழு உரிமை உண்டு. தோற்றத்துக்காகச் செய்த அறுவை கெட்டுப்போய் இரண்டாவது, மூன்றாவது அறுவைக்குப் போகும் குழந்தைக்கு நாம் எந்த நன்மையும் செய்யவில்லை.

பாலின வளர்ச்சி வேறுபாடு உள்ள குழந்தைகளில் இந்த எச்சரிக்கை பல மடங்கு கூடுதலாக வேண்டும். இத்துறை நிபுணர்கள் சேர்ந்து 2006-ல் வெளியிட்ட சிகாகோ கூட்டறிக்கை, அழகைவிட உறுப்பின் செயல்பாட்டுக்கே முதலிடம் தரச் சொன்னது. குழந்தையின் சம்மதம் இல்லாமல், அவசரமில்லாத இத்தகைய அறுவைகளைச் செய்வதை மால்டா 2015-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. சிறுவயதில் அறுவை செய்யப்பட்டு வளர்ந்தவர்கள் ‘எங்களைக் கேட்டிருக்க வேண்டும்’ என்று சொன்னதன் விளைவு அது. சிறுநீர் போகும் வழியைச் சரிசெய்வது வேறு, பெண்குறிக் காம்பைச் சிறிதாக்குவது வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் முடிவு செய்யச் சொன்னால் நேரம் கேளுங்கள். ஹார்மோன் மருத்துவர், குழந்தை அறுவை மருத்துவர், மனநல ஆலோசகர் மூவரும் இருக்கும் குழுவாகப் பார்த்துப் போங்கள்.

எப்போது, யாரிடம்

ஐரோப்பிய வழிகாட்டுதல் 6 முதல் 18 மாதம் என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1996-ல் 6 முதல் 12 மாதம் என்றது. அந்த வயதில் குழந்தை டயப்பரில் இருக்கிறது, டியூபைப் பிடுங்கும் விவரம் தெரியாது, நடந்தது நினைவில் தங்காது. குறைமாதக் குழந்தைக்கும் எடை ஏறாத குழந்தைக்கும் இன்னும் காத்திருக்கலாம். இரண்டு வயதைத் தாண்டிவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தமில்லை, எந்த வயதிலும் செய்யலாம். பெரிய பையனுக்கு டியூபையும் கட்டையும் காப்பாற்றுவது கஷ்டம், அவ்வளவுதான்.

வயதைவிட முக்கியமானது யார் செய்கிறார் என்பது. முதல் அறுவையில் கையில் இருக்கும் தோலும் ரத்த ஓட்டமும் இரண்டாவது முறை இருக்காது. தழும்பின் மேல் தைக்க வேண்டியிருக்கும். அதனால் மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். மாதத்தில் எத்தனை ஹைப்போஸ்பேடியாஸ் செய்கிறீர்கள்? என் குழந்தையின் வகையில் உங்களிடம் எத்தனை பேருக்கு மறுபடி அறுவை தேவைப்பட்டது? எத்தனை வருடம் தொடர்ந்து பார்ப்பீர்கள்? அடிக்கடி செய்கிறவர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார். ‘நூற்றுக்கு நூறு, தைத்த இடத்தில் ஓட்டையே விழாது’ என்று சொல்பவரிடம் இன்னொரு முறை யோசியுங்கள். அனுபவசாலிகள் கையிலும் விழும்.

முன்தயாரிப்பு

மொட்டு 14 மி.மீ.க்கும் குறைந்த அகலத்தில் இருந்தால், தைத்த மொட்டு பிரிந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் சில மருத்துவர்கள் அறுவைக்குச் சில வாரங்கள் முன் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுவார்கள். கிலோவுக்கு 2 மி.கி. வீதம், மாதம் ஒரு முறை, ஒன்றிரண்டு தடவை என்பது பலர் பின்பற்றும் முறை. மொட்டு பெரிதாகும், ரத்த ஓட்டம் கூடும். அது காயம் ஆறுவதை மேம்படுத்துகிறதா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஊசிக்குப் பின் லேசாக முடி முளைப்பதும் அடிக்கடி விறைப்பதும் தற்காலிகம்தான், பயப்பட வேண்டாம்.

சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள். தேதி கிடைக்க மாதக்கணக்கில் காத்திருந்திருப்பீர்கள், தெரியும். ஆனால் சளியோடு மயக்க மருந்து கொடுத்தால் மூச்சுக்குழல் இறுகி ஆபத்தாகும். குணமாகி இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துச் செய்யலாம். டயப்பர் புண் இருந்தாலும் தள்ளிவையுங்கள், தையல் போடும் இடத்தில் கிருமி இருக்கக் கூடாது.

வெறும் வயிற்றுக் கணக்கு: திட உணவும் பசும்பாலும் பவுடர் பாலும் 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், தெளிவான தண்ணீர் 2 மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும். உங்கள் மயக்க மருத்துவர் இதைவிடக் குறைத்துச் சொன்னால் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள். நேற்று இரவிலிருந்தே பட்டினி போடுவது தவறு. குழந்தை தண்ணீர் வற்றிச் சோர்ந்துவிடும், ஊசி போட நரம்பும் கிடைக்காது. அதிகாலை அலாரம் வைத்து எழுப்பி, அனுமதித்த நேரத்துக்குள் பால் கொடுங்கள்.

அறுவை அரங்கில் நடப்பது

முழு மயக்கம் கொடுத்த பிறகு முதுகின் அடியில், வால் எலும்புக்கு மேல், ஓர் ஊசி போடுவார்கள். இடுப்புக்குக் கீழே பல மணி நேரம் வலி தெரியாது. விழித்ததும் கால் சற்றுத் துவண்டிருப்பது அதனால்தான். லேசான வகைக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், தீவிர வகைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலும் ஆகும். அறுவை மருத்துவர் கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்டியிருப்பார். ஏறத்தாழ தலைமுடி அளவுக்கு மெல்லிய 6-0, 7-0 நூல்தான் பயன்படும். அது தானே கரைந்துவிடும், பிரிக்கத் தேவையில்லை.

முதலில் ஆண்குறியின் தோலைச் சுற்றிலும் பிரித்துச் சட்டைக் கையை மடித்துவிடுவது போலக் கீழே தள்ளுவார்கள். பிறகு உப்புத் தண்ணீரை ஊசியால் செலுத்திச் செயற்கையாக விறைக்க வைத்து வளைவை அளப்பார்கள். 1974-ல் கிட்டஸ், மெக்லாஃப்லின் என்ற மருத்துவர்கள் அறிமுகப்படுத்திய சோதனை இது. இதைச் செய்யாமல் குழாயை மட்டும் கட்டினால், பையன் வளர்ந்த பிறகு வளைவு வெளிப்படும். வளைவு 30 டிகிரிக்குள் இருந்தால் மேல்பக்கம் ஒரு சுருக்குத் தையல் போட்டு நிமிர்த்திவிடலாம். அதைவிட அதிகமென்றால் மேல்பக்கத்தைச் சுருக்கினால் உறுப்பே குட்டையாகும். கட்டையாக இழுத்துக்கொண்டிருக்கும் அடிப்பக்கத்தை வெட்டி நீட்டித்தான் ஆக வேண்டும்.

நேராகிவிட்டால் அடுத்து குழாய். இப்போது அதிகம் செய்யப்படும் முறை, மருத்துவர் வாரன் ஸ்நாட்கிராஸ் 1994-ல் வெளியிட்ட டி.ஐ.பி. முறை, அதாவது பட்டையைக் கீறிக் குழாயாக்குவது. துளைக்கும் நுனிக்கும் நடுவிலுள்ள பட்டை, குழாயாகச் சுருட்டும் அளவுக்கு அகலமாக இருக்காது. அதன் நடுவில் நீளவாக்கில் ஆழமாக ஒரு கீறல் போட்டால் புத்தகம் விரிவது போல விரியும். விரிந்த பட்டையை 6 அல்லது 8 ஃப்ரெஞ்ச் டியூபின் மேல் சுற்றித் தைத்துவிடலாம். 6 ஃப்ரெஞ்ச் என்றால் 2 மி.மீ. விட்டம். கீறிய இடத்தில் புதுத்தோல் தானே வளர்ந்து மூடும். கீறலையும் தையலையும் நுனி வரை இழுத்துவிட்டால் துளை குறுகிப்போகும். அதனால் நுனியிலிருந்து சற்று உள்ளேயே நிறுத்தி, துளையை நீள்வட்டமாக விடுவது கைதேர்ந்தவர்களின் வழக்கம்.

அடுத்து வருவது யாரும் பெற்றோரிடம் விளக்காத, ஆனால் ஓட்டை விழாமல் காப்பாற்றும் படி. குழாய்த் தையலின் மேலேயே தோல் தையலும் வந்தால், சிறுநீர் இரண்டையும் நேராகத் துளைத்து வெளியேறும். எனவே முன்தோலின் அடியிலுள்ள ரத்த ஓட்டமுள்ள மெல்லிய சவ்வை ஒரு மடல் போலப் பிரித்து, குழாய் மேல் போர்த்தித் தைப்பார்கள். அதன் மேல், இறக்கை போலப் பிரித்த மொட்டின் இரு பக்கங்களையும் சேர்த்துத் தைத்து, கடைசியில் தோலை மூடுவார்கள். துளையின் கீழ்த்தோலை மடித்துக் குழாயாக்கும் மாத்தியூ முறை 1932-லிருந்து இருக்கிறது. சில குழந்தைகளுக்கு அது இன்றும் பொருந்தும்.

தீவிர வகையில் அடிப்பக்கப் பட்டையை வெட்ட நேர்ந்தால் ஒரே கட்டத்தில் முடிக்க முயல்வதைவிட இரண்டு கட்டமாகச் செய்வதே எங்கள் பரிந்துரை. பிரிட்டனின் அறுவை மருத்துவர் பிராக்கா பரப்பிய முறையில், முதல் கட்டத்தில் வளைவை நிமிர்த்தி, முன்தோலின் உட்பக்கத்திலிருந்தோ கன்னத்தின் உட்பக்கத்திலிருந்தோ எடுத்த மெல்லிய தோலை அங்கே ஒட்டித் தைப்பார்கள். குறைந்தது ஆறு மாதம் கழித்து, அது மிருதுவாகி வேர்பிடித்த பிறகு, இரண்டாம் கட்டத்தில் குழாயாகச் சுருட்டுவார்கள். ‘இரண்டு தடவை மயக்கமா’ என்று தயங்கி ஒரே தடவையில் முடிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். முடி முளைக்கும் தோலைக் குழாய்க்குப் பயன்படுத்தவே கூடாது. பருவ வயதில் உள்ளேயே முடி வளர்ந்து கல் படியும்.

வீட்டுக்கு வந்த பிறகு: டியூப் இருக்கும் நாட்கள்

லேசான வகைக்கு 5 முதல் 7 நாள், தீவிர வகைக்கு 7 முதல் 14 நாள் டியூப் இருக்கும். சின்னக் குழந்தைகளுக்குப் பை மாட்டுவதில்லை. டியூபின் நுனி திறந்தே இருக்கும், சிறுநீர் சொட்டுச் சொட்டாக டயப்பரில் விழும். இதற்கு இரட்டை டயப்பர் முறை.

குழந்தைக்கு வழக்கமாகப் போடும் அளவில் ஒன்று, அதைவிட ஓர் அளவு பெரியதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன டயப்பரின் முன்பக்கத்தில், ஆண்குறி வரும் இடத்தில் 2 செ.மீ. அளவுக்குக் குறுக்கும் நெடுக்கும் வெட்டி ஓட்டை போடுங்கள். வெட்டிய ஓரத்தில் இருந்து ஜெல் உதிரும், அதனால் சுற்றிலும் காகித டேப் ஒட்டிவிடுங்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, ஓட்டை வழியாக டியூபை மெதுவாக வெளியே எடுத்து, சின்ன டயப்பரை ஒட்டுங்கள். டியூப் முறுக்காமல், மடியாமல், வயிற்றை நோக்கி மேலே இருக்க வேண்டும். அதன் மேல் பெரிய டயப்பர். இப்போது மலம் உள் டயப்பரில், சிறுநீர் வெளி டயப்பரில். காயத்தில் மலம் படாது. வெளி டயப்பரை 3, 4 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். உள் டயப்பரை மலம் போனால் உடனே மாற்றுங்கள்.

ஒவ்வொரு முறையும் எது ஈரம் என்று பாருங்கள். வெளி டயப்பர் ஈரமாக இருந்தால் டியூப் வேலை செய்கிறது. உள் டயப்பர் ஈரமென்றால் டியூபைச் சுற்றிக் கசிகிறது, கொஞ்சமென்றால் சகஜம். 4 மணி நேரமாக இரண்டுமே காய்ந்திருந்தால், டியூப் மடிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மடிப்பை எடுத்தும் வரவில்லையென்றால் அடைத்துக்கொண்டிருக்கிறது, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நன்றாக இருந்த குழந்தை திடீரென்று முதுகை வில்லாக வளைத்து, காலை மடக்கிக்கொண்டு வீறிடும். டியூபைச் சுற்றிச் சிறுநீர் தெறிக்கும். அரை நிமிடத்தில் அமைதியாகிவிடும். இது காயத்தின் வலி இல்லை, சிறுநீர்ப்பை சுண்டி இழுப்பது. பாராசிட்டமால் இதைத் தீர்க்காது. ஆக்ஸிபியூட்டினின் என்ற மருந்து தருவார்கள். அதனால் கன்னம் சிவக்கும், வாய் உலரும், மலம் கட்டும். மலம் கட்டினால் இந்தச் சுண்டி இழுப்பு இன்னும் கூடும். அதனால் மலமிளக்கி மருந்தை முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். முக்கினால் தையலும் கெடும்.

வலிக்குப் பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. 8 கிலோ குழந்தைக்கு 120 மி.கி. இங்கேதான் தவறு நடக்கிறது. 5 மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப்பில் அது 5 மில்லி. 5 மில்லியில் 250 மி.கி. உள்ள சிரப்பில் 2.4 மில்லி. 1 மில்லியில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் 1.2 மில்லி மட்டும். பாட்டிலைத் திருப்பி எவ்வளவு செறிவு என்று படிக்காமல் ஊற்றாதீர்கள். முதல் இரண்டு நாள், குழந்தை அழும்வரை காத்திருக்காமல் நேரம் பார்த்துக் கொடுங்கள்.

கட்டு நழுவி வந்துவிட்டால் பதறாதீர்கள், மறுபடி சுற்றவும் முயலாதீர்கள், மருத்துவரிடம் சொன்னால் போதும். கட்டில் மலம் பட்டால் ஈரத் துணியால் ஒற்றித் துடையுங்கள். கட்டை எடுக்கும் நாளில் அரைமணி முன்பே வலி மருந்து கொடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் உட்கார வைத்தால் ஊறித் தானே கழன்றுவிடும்.

கட்டைப் பிரித்ததும் தெரிவதைப் பார்த்து மனம் உடைந்துவிடாதீர்கள். வீங்கி, கருநீலமாக, கோணலாக இருக்கும். மேலே மஞ்சள் படர்ந்த வெள்ளைப் படலம் இருக்கும். அது சீழ் இல்லை, ஆறும் காயத்தின் படலம், சுரண்டாதீர்கள். ஒவ்வொரு டயப்பர் மாற்றும்போதும் வாசலினோ மருத்துவர் சொன்ன களிம்போ தாராளமாகப் பூசுங்கள். பெரிய வீக்கம் வாரங்களில் வடியும், இறுதி வடிவம் தெரிய ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். மூன்று வாரத்துக்கு இடுப்பில் காலை விரித்து உட்கார வைத்துத் தூக்குவது, நடைவண்டி, மூன்று சக்கர சைக்கிள் எதுவும் வேண்டாம்.

உடனே போக வேண்டிய அறிகுறிகள்: டயப்பரை நனைக்கும் அளவுக்கு ரத்தம் (சொட்டுக் கறை சகஜம்), 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், மொட்டு கறுத்துப் போவது, நிற்காத வாந்தி, நாற்றமடிக்கும் சீழ். டியூப் முன்கூட்டியே விழுந்துவிட்டால் திரும்பச் செருக ஒருபோதும் முயலாதீர்கள், புதுக் குழாயைக் கிழித்துவிடும். மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டு, குழந்தை தானே உச்சா போகிறதா என்று கவனியுங்கள். 4 மணி நேரமாகியும் போகவில்லை, அடிவயிறு உப்புகிறது என்றால் தாமதிக்கக் கூடாது.

எது கெட்டுப்போகும், ஏன்

லேசான வகையில் பத்துக்கு ஒன்றோ அதற்கும் குறைவோ சிக்கல் வரும். தீவிர வகையில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை மறு அறுவை தேவைப்படலாம். இது முன்பே தெரிந்திருந்தால் அன்றைக்கு அதிர்ச்சி குறையும்.

அதிகம் வருவது ஃபிஸ்டுலா எனும் ஓட்டை. தைத்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்தோ, கிருமி தொற்றியோ, முன்னால் துளை குறுகி உள்ளே அழுத்தம் கூடியோ ஒரு வழி திறந்துகொள்ளும். கண்டுபிடிக்க, குழந்தை உச்சா போகும்போது அடிப்பக்கத்தைப் பாருங்கள். நுனியில் ஒரு தாரை வர, கீழே இன்னொரு சொட்டோ தாரையோ வந்தால் அதுதான். முதல் சில வாரத்தில் தெரியும் ஊசிமுனை ஓட்டை சில சமயம் தானே மூடும். மூடவில்லையென்றால் ஆறு மாதம் காத்திருங்கள். தோல் மிருதுவாகும் முன் அவசரப்பட்டு அடைத்தால் மறுபடி திறக்கும். அடைப்பதற்கு முன் நுனித்துளை குறுகியிருக்கிறதா என்று பார்க்காவிட்டாலும் அதே கதிதான்.

துளை குறுகினால் தாரை நூல் மாதிரி மெலிந்து, மேல்நோக்கி எழும், குழந்தை முக்கும், போய் முடிக்க நேரமாகும். உச்சா போகும்போது அடிப்பக்கம் பலூன் போல உப்பி, முடிந்த பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தால் குழாயில் பை விழுந்திருக்கிறது. மொட்டு பிரிந்துபோவதும் உண்டு. தாரை நன்றாக வந்தால் அதை எப்போதும் மறுபடி தைக்க வேண்டியதில்லை. மொட்டில் வெள்ளையாக, கெட்டியாகத் தோல் மாறினால் காட்டுங்கள். அது லைக்கன் ஸ்கிளிரோசஸ் எனும் தோல் நோயாக இருக்கலாம். அந்தத் தோலை வைத்து மறுபடி குழாய் கட்டினால் நிற்காது, கன்னத்தின் உட்தோல்தான் தேவைப்படும்.

அடுத்த பதினைந்து வருடம்

இரண்டாவது வாரம், மூன்றாவது மாதம், ஒரு வருடம் என்று காட்டுவீர்கள். பெரும்பாலானோர் அங்கே நின்றுவிடுகிறார்கள். பையன் டயப்பரை விட்டுத் தானே நின்று போகப் பழகியதும் சிறுநீர் வேக அளவி கருவியில் ஒரு முறை பார்க்க வேண்டும். வேகம் மணி போல உயர்ந்து இறங்கினால் நல்லது. உயராமல் தட்டையாக நீண்டுகொண்டே போனால் எங்கோ குறுகல் இருக்கலாம். சில குழந்தைகளில் தட்டையாக இருந்தும் தொந்தரவே இருக்காது, எனவே ஒரே அளவை வைத்து அறுவைக்கு ஓடாதீர்கள். பருவ வயதில் உறுப்பு வேகமாக வளரும்போது பழைய வளைவு திரும்பத் தலைகாட்டலாம், அப்போதும் ஒரு முறை காட்டுவது அவசியம்.

அந்த வயதில் உங்களிடம் சொல்லக் கூச்சப்படுவான். அதனால் அதற்கு முன்பே, எட்டு, ஒன்பது வயதிலேயே, ‘குழந்தையா இருக்கும்போது உச்சா வரும் துளை கீழே இருந்துச்சு, டாக்டர் சரிபண்ணினார்’ என்று சாதாரணமாகச் சொல்லிவையுங்கள். அறுவைக் குறிப்பின் நகலை, எந்த முறை, எந்தத் தோல், எத்தனை டிகிரி வளைவு என்று எழுதியிருப்பதை, மருத்துவமனையிலிருந்து வாங்கிப் பிறப்புச் சான்றிதழோடு வைத்திருந்து பதினெட்டு வயதில் அவன் கையில் கொடுங்கள். இருபது வருடம் கழித்து அவனைப் பார்க்கும் மருத்துவருக்கு அந்த ஒரு பக்கம் வேண்டியிருக்கும்.